இருவர் வண்டிக்கு நாலு டயர்

என் அண்ணியின் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'ஃபெயில் மேடம்' என்று சொல்லிப் பாருங்கள், தெருவே திரும்பிப் பார்க்கும். ஓட்டுநர் உரிமத்துக்குப் பரீட்சை வைக்கும் அலுவலகத்தில் அண்ணிக்கு வேலை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, மடியில் ஓர் அட்டையை வைத்துக்கொண்டு, "அடுத்த வளைவில் திரும்புங்கள்", "பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள்" என்று ஏற்ற இறக்கமே இல்லாத குரலில் சொல்வாள். இறங்கும்போது மட்டும் அழகாகச் சிரித்து, "அடுத்த முறை வாங்க" என்பாள். அந்தச் சிரிப்பைக் கண்டு அழுதவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். பால்காரர், வங்கி மேலாளர், எங்கள் மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர், எல்லாரும் ஒரு தடவையாவது அண்ணியிடம் தோற்றவர்கள்தான்.

என்னையும் ஃபெயிலாக்கினாள். சொந்த நாத்தனாரை! கண்ணாடியைப் பார்க்காமல் பாதை மாறினேனாம். அன்று மாலை என் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "நாளைக்கே மறுபடியும் அப்ளை பண்ணிடு மாத்திரை" என்று வேறு சொன்னாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பதால் வீட்டில் எனக்கு அந்தப் பெயர். நான் அப்ளை பண்ணவில்லை. இன்றுவரை நடைதான். எனக்கும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே.

ஊரையே கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் இந்த அண்ணி ஆசைப்பட்டு வைத்திருப்பது என்ன தெரியுமா? ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். பழசு. கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். எஞ்சின் முன்னால் இருந்து உறும, பின்சக்கரங்கள் தள்ளி ஓடும். தரைக்கு அவ்வளவு பக்கத்தில் உட்கார வேண்டும். ஏறுவதும் ஒரு வித்தை, இறங்குவது அதைவிடப் பெரிய வித்தை. இருப்பது இரண்டே சீட்.

அந்த இரண்டு சீட்டுக்காகத்தான் அதை வாங்கினாள் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. எங்கள் வீட்டில் முன்னறை அண்ணனின் மூக்குக்கண்ணாடிக் கடை. நடு அறையில் அம்மாவும் அம்மாவின் டிவியும். நல்ல ஜன்னல் வைத்த அறையில் நான். மிச்சமிருந்த பின்னறையில், லென்ஸ் பெட்டிகளுக்கு நடுவே அண்ணனும் அண்ணியும். சுவர் மெல்லிசு, அண்ணன் தும்மினால் நான் இங்கிருந்து ஆயுசு சொல்லலாம். சாப்பிட உட்கார்ந்தால் கடை மணி அடிக்கும், அண்ணன் எழுந்து போவான். அம்மா கூப்பிட்டால் போவான். நான் கூப்பிட்டால் போவான். 'முடியாது' என்ற சொல்லை அவன் நாக்குக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவன் அண்ணிக்கென்று கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அந்த வண்டிக்குள் மட்டும்தான். கூரையைத் திறந்துபோட்டுக்கொண்டு இரண்டு பேரும் எங்காவது போவார்கள். திரும்பி வரும்போது தலை கலைந்து, வாயெல்லாம் பல்லாக வருவார்கள்.

இதற்குத்தான் ஒரு மழை நாளில் ஆபத்து வந்தது.

என் மருந்துக்கடை ரவுண்டானாவைப் பார்த்தபடி இருக்கிறது. எதிர்ப்பக்கம் அண்ணியின் அலுவலகம். அன்று வாசலில் பரீட்சைக்கு வந்தவர்கள் குடையோடு வரிசையில் நின்றிருந்தார்கள். அண்ணிக்கு மட்டும் விடுமுறை, ஞாயிறு இல்லாவிட்டாலும் அதிசயமாக அண்ணனை ஏற்றிக்கொண்டு அந்த வழியாக வந்தாள். வேகமெல்லாம் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ரவுண்டானாவில் திரும்பும்போது வண்டியின் பின்பக்கம், 'நான் முதலில் போகிறேன்' என்று முன்பக்கத்தை முந்தப் பார்த்தது. அவ்வளவுதான். சிவப்பு வண்டி ஒரு சுற்று சுற்றி, நடுவிலிருந்த புல்தரையில் ஏறி, வந்த திசையையே பார்த்து நின்றது. பூச்செடிகளுக்கு மட்டும்தான் சேதம்.

அப்புறம் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "மேடம், அடுத்த முறை வாங்க!"

எத்தனை வருஷத்துக் கடனோ அது. வரிசையே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அண்ணி அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். அவளால் தாங்க முடியாதது அண்ணன் செய்தது. அவன் மெல்ல இறங்கி, கதவை மெல்லச் சாத்தி, சாலையைக் கடந்து என் கடைக்குள் வந்தான். சொட்டச் சொட்ட நின்று, தலைவலி மாத்திரை ஒன்று வாங்கி விழுங்கினான். "நான் நடந்தே வீட்டுக்குப் போறேன்" என்றான். போயே விட்டான்.

சாயங்காலம் எங்கள் எல்லாருக்கும் முன்னால்தான் பேச்சு நடந்தது. எங்கள் வீட்டில் வேறு எப்படி நடக்கும்?

"ஏங்க, என் மேல கோபமா?" என்றாள் அண்ணி.

"கோபம் இல்ல. பயம். அந்த வண்டியில இனிமே நான் ஏறமாட்டேன். நீ போயிட்டு வா, நான் வேண்டாம்னு சொல்லல."

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தலாம். இவன் இப்படிச் சொன்னால் என்ன செய்வது? அடுத்த ஞாயிறு அண்ணி தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். போன சுருக்கில் திரும்பிவிட்டாள். தலை கலையவில்லை. அதற்கடுத்த ஞாயிறு சாவியைக் கையில் எடுத்தவள், அதை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு அம்மாவோடு டிவி பார்த்தாள். அண்ணனை மறுபடியும் அந்த சீட்டில் உட்கார வைக்க வேண்டும், அதுவும் அவனாக வந்து உட்கார வேண்டும். அண்ணிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு டயர் கடைக்குப் போனாள். கடைக்காரரை எல்லாரும் 'ரப்பர்' என்றுதான் கூப்பிடுவார்கள். தடித்த மனிதர், கறுப்புக் கைகள், காதில் பென்சில். அண்ணி இவரை இரண்டு தடவை ஃபெயிலாக்கியிருக்கிறாள். அதனால் அவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்த விதமே தனியாக இருந்தது.

"வாங்க மேடம், வாங்க. ரவுண்டானாவுல பூ பறிச்சீங்களாமே?"

"டயரைப் பாருங்க" என்றாள் அண்ணி.

"எனக்குத் தெரிஞ்சு டயர் நல்லாத்தான் இருக்கு" என்று நான் மூக்கை நுழைத்தேன். "பள்ளமெல்லாம் ஆழமா இருக்கே. தேயவே இல்ல."

அதுதான் எங்கள் குடும்பத்தின் தப்பு. அண்ணி அந்த வண்டியை ஞாயிறு மட்டும் எடுப்பாள். மற்ற நாளெல்லாம் உறை போட்டு, டயருக்கு மினுமினுப்பு எண்ணெய் பூசி, கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினாள். தேயாத டயர் நல்ல டயர் என்று நாங்கள் எல்லாரும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். ரப்பர் குனிந்து, டயரின் பக்கவாட்டில் சின்னதாக இருந்த நாலு எண்ணைத் துடைத்துக் காட்டினார். எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று அதில் இருக்குமாம். அந்த வருஷத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இன்று மீசை அரும்பி நிற்கின்றன.

"தேயல மேடம், காஞ்சு போச்சு. நகத்தால அழுத்திப் பாருங்க. உள்ள போகுதா? போகாது. ரொட்டி ஒரு வாரம் வெளியில கிடந்தா எப்படி இருக்கும், அதேதான். பார்க்க ரொட்டி, கடிச்சா பல்லு போயிடும்." நிமிர்ந்து நின்று, கையைத் துடைத்துக்கொண்டு, ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் சொன்னார்: "இந்த டயர் ஃபெயில், மேடம்."

எத்தனை நாள் ஒத்திகை பார்த்தாரோ தெரியவில்லை. அண்ணியே சிரித்துவிட்டாள்.

புது டயர் என்றால் என்ன, போய் வாங்கி மாட்ட வேண்டியதுதானே என்று நினைத்தேன். அங்கேதான் கதையே ஆரம்பித்தது. பழைய வண்டி, சின்னச் சக்கரம். இப்போது வருகிற வண்டிகளுக்கெல்லாம் சக்கரம் பெரிது; இந்த அளவில் நல்ல டயர் செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ரப்பர் மூன்று வகை சொன்னார். முதலாவது, குடும்ப வண்டிக்குப் போடுவது: நெடுநாள் உழைக்கும், ஆனால் கெட்டி, ரோட்டைப் பிடிப்பதில் அவ்வளவு அக்கறை கிடையாது. இரண்டாவது, வெயில் காலத்துக்கென்றே செய்த மென்மையான டயர்: காய்ந்த ரோட்டிலும் பிடிக்கும், மழைத் தண்ணீரை வாரி வெளியே தள்ளவும் பள்ளம் இருக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். பனி கொட்டும் நாளில் கட்டையாகிவிடும் என்பதால் குளிரில் வண்டியை எடுக்கவே கூடாது. மூன்றாவது, பந்தய டயருக்கு ஒன்றுவிட்ட தம்பி.

மூன்றாவது கடையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளமே அதிகம் இல்லாமல் மொழுமொழுவென்று. அண்ணி போய் நகத்தால் அழுத்தினாள். நகம் உள்ளே போனது. அவள் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது பாருங்கள், கல்யாண போட்டோவில்கூட நான் அப்படிப் பார்க்கவில்லை.

"இது ரோட்டோட ஒட்டிக்கும் மேடம். வளைவுல நீங்க எவ்வளவு அழுத்தினாலும் விடாது. இன்னைக்கே மாட்டிடலாம். ரெண்டாவது வேணும்னா சொல்லி வரவழைக்கணும், எப்ப வரும்னு எனக்கே தெரியாது."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் அண்ணி.

யோசித்தாள். ஐயோ, யோசித்தாள்! அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் டயரைத் தவிர வேறு பேச்சு இல்லை. தோசைக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு வளைவில் எடை எந்தப் பக்கம் சாயும் என்று விளக்குவாள். அம்மாவின் செருப்பைத் திருப்பி அடிப்பாகத்தை ஆராய்வாள். தெருவில் நிற்கும் வண்டியை எல்லாம் குனிந்து நகத்தால் அழுத்திப் பார்ப்பாள். மளிகைக் கடை வாசலில் யாருடைய வண்டியையோ அப்படி அழுத்தப்போக, அது ஊரைக் கூட்டி அலறியது. சொந்தக்காரர் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். வந்தவர் அண்ணியைப் பார்த்ததும் அனிச்சையாக நிமிர்ந்து நின்று, "மேடம், லைசென்ஸ் எடுத்துட்டு வரட்டுமா?" என்றார்.

"வேண்டாம். உங்க டயர் பாஸ்" என்று சொல்லிவிட்டு அண்ணி நடந்தாள். அந்த மனிதர் முகத்தில் எவ்வளவு சந்தோஷம்!

அலுவலகத்திலும் இதே கூத்துதான். பரீட்சைக்கு வரும் வண்டியில் ஏறுவதற்கு முன் அண்ணி குந்தி உட்கார்ந்து டயரை அழுத்திப் பார்ப்பாளாம். அது பரீட்சையில் ஒரு பகுதி என்று ஒரு பெண் நினைத்துக்கொண்டு, தானும் பக்கத்தில் குந்தி, நாலு டயரையும் பயபக்தியோடு அழுத்திவிட்டு எழுந்தாள். அவள் பாஸாகிவிட்டாள். விடுமா ஊர்? அடுத்த வாரமே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளில் 'டயர் அழுத்துதல்' என்று தனியாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் கடையிலிருந்து பார்க்கும்போது, எதிர்ப்பக்கம் வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் நகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். என் கடையில் நகம் வெட்டி எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது.

"அத்தை, உங்களுக்கு எது சரின்னு படுது?" என்று அம்மாவையும் அண்ணி விடவில்லை.

அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "ஒரு டயருக்கு இவ்வளவு யோசிக்கிறே. என் பையனைக் கட்டிக்கும்போது ஒரு நிமிஷம்கூட யோசிக்கலையேம்மா நீ."

"அவர் ஃபெயிலாக மாட்டார்னு பார்த்த உடனே தெரிஞ்சுது அத்தை."

முன்னறையில் அண்ணன் யாருக்கோ கண் பரிசோதித்துக்கொண்டிருந்தான். 'கீழ் வரிசையை வாசிங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தவன் குரல் நின்றது. வாசிக்க வேண்டியவர் வாசித்து முடித்தும் அவனிடமிருந்து சத்தமே இல்லை.

ஆனால் அதற்கும் அவன் அசையவில்லை. ஏறமாட்டேன் என்றால் ஏறமாட்டேன்தான். விட்டுக்கொடுத்தே பழகியவன் ஒரு விஷயத்தில் பிடிவாதம் பிடித்தால், அதற்குப் பயிற்சி இல்லாததால் எப்படி விடுவது என்றும் தெரியாது போலிருக்கிறது.

மறுபடி டயர் கடைக்குப் போனோம். அண்ணியின் கால் நேராக அந்த மூன்றாவது டயரிடம்தான் போனது. கையால் தடவினாள். ஆசை கண்ணில் தெரிந்தது. அதை நான் பொய்யாகச் சொல்லவில்லை. இத்தனை நாளும் பிறர் வண்டியில், பிறர் வேகத்தில், பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே காலம் தள்ளியவள். ஒரு வளைவில் ஒரு தடவையாவது பயமில்லாமல் அழுத்திப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இருக்காதா?

"மாட்டிடலாமா மேடம்?" என்றார் ரப்பர்.

"மழையில எப்படி இருக்கும்?"

"மழையில வண்டியை எடுக்காதீங்க. அவ்வளவுதானே?"

அண்ணி கையை எடுத்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"மழையிலதான் அவருக்குப் பயம் வந்துது. வெயில்ல எத்தனை தடவை நல்லா ஓட்டிக் காட்டினாலும் அந்தப் பயம் போகாது. மழையிலதான் போகணும், மாத்திரை."

பிறகு அந்த மூன்றாவது டயரைத் தட்டிக்கொடுத்து, "அடுத்த முறை வாங்க" என்றாள். ரப்பர் காதிலிருந்த பென்சிலை எடுத்து இரண்டாவது வகைக்கு எழுதிக்கொண்டார். சிரித்தார், ஆனால் கிண்டலாக இல்லை.

டயர் வருவதற்குள் எங்கள் உயிர் போய் உயிர் வந்தது. அண்ணி குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்கும் டயர் கடைக்கும் அலைந்தாள். கடைசியில் வந்தது. மாட்டியாயிற்று. முகர்ந்து பார்த்தேன், புது ரப்பர் வாசனைக்கு ஒரு போதை இருக்கத்தான் செய்கிறது. அண்ணி அப்போதே அண்ணனைக் கூப்பிட ஓடியிருப்பாள். ரப்பர் குறுக்கே வந்து நின்றார்.

"மேடம், ஒரு நிமிஷம். புது டயர் மேல வழவழன்னு ஒரு பூச்சு இருக்கும். அச்சுல ஒட்டாம கழண்டு வர்றதுக்குப் போடறது. அது தேயற வரைக்கும் இது வழுக்கும். நிதானமா நல்ல தூரம் ஓட்டுங்க. அதுக்கு முன்னாடி வீரம் காட்டினீங்கன்னா மறுபடியும் பூ பறிக்கத்தான் போவீங்க."

"நல்ல தூரம்னா?"

"ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் ஒரு தடவை கொண்டுபோய் விட்டுட்டு வாங்களேன்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். என் அண்ணியிடம் யாராவது அப்படி விளையாடலாமா? அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும், "எங்கேயாவது போகணுமா? யாருக்காவது எங்கேயாவது போகணுமா?" என்று தெருவில் நின்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். பால்காரரை அவர் வீட்டில் இறக்கினாள். வங்கி மேலாளரை ஊரைச் சுற்றி வங்கிக்குக் கூட்டிப்போனாள். வங்கி எங்கள் தெரு முனையில்தான் இருக்கிறது. பல் டாக்டர் தினமும் போனார். அண்ணி ஓட்ட, தாங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்வதில் அவர்களுக்கு எல்லாம் ஒரு தனி குஷி. பால்காரர் ஒரு பழைய அட்டையைக் கூடவே கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டு, "அடுத்த வளைவில் திரும்புங்கள்" என்று குரல் மாற்றிச் சொன்னாராம். இறங்கும்போது பெரிய மனசு பண்ணி பாஸ் போட்டாராம்.

என்னையும் மருந்துக்கடைக்கு நாலு தெரு சுற்றிக் கொண்டுபோய் விட்டாள். காற்று முகத்தில் அடித்ததில் என் கொண்டை அவிழ்ந்தது. நான் கத்திக் கத்திச் சிரித்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

எல்லாவற்றுக்கும் சிகரம் அம்மாதான். முதலில், "அந்தத் தொட்டிக்குள்ள நான் உட்காரமாட்டேன்" என்றாள். பிறகு தலையில் ஒரு சால்வையைக் கட்டிக்கொண்டு, என்னையும் பல் டாக்டரையும் தூக்கி வைக்கச் சொல்லி, சீட்டை முன்னால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தாள். அரைமணி கழித்து வண்டி வந்து நின்றபோது இறங்கமாட்டேன் என்றாள். "இன்னும் ஒரு சுத்து" என்றாள். "கொஞ்சம் அழுத்தி ஓட்டேன்மா, நடக்கிற மாதிரி போறே" என்றாள். "டயர் இன்னும் பழகலை அத்தை" என்று அண்ணி கெஞ்ச வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் ஒருவன் கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் லென்ஸைத் துடைக்கிற வேகத்தைப் பார்த்தால், அது இன்னும் கொஞ்ச நாளில் காகிதமாகிவிடும் என்று தோன்றியது. ஒருநாள் தூசி தட்டப்போகிற மாதிரி ஒரு துணியை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனான். கதவைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"சீட்டை யாரு முன்னால தள்ளினது?"

"நான்தான்டா. எனக்குக் கால் எட்டல" என்றாள் அம்மா.

"கால் எதுக்கு எட்டணும்? நீயா ஓட்டறே?"

அம்மாவிடம் அவன் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எனக்கு உள்ளுக்குள் உச்சி குளிர்ந்துவிட்டது. அண்ணியைப் பார்த்தேன். அவள் ஒன்றும் தெரியாதவள் போல வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

அப்புறம் ஒருநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. நான் கடையில் இருந்தேன். போன் அடித்தது. அம்மா.

"ஏண்டி, உன் அண்ணன் ஏறிட்டான்டி!"

"எதுல?"

"எதுலன்னு கேக்கறா பாரு! வண்டியிலடி! உன் அண்ணி சாவியைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நின்னு மழையைப் பார்த்துட்டு இருந்தா. அவனைக் கூப்பிடல. ஒரு வார்த்தை கூப்பிடலை. அப்பப் பார்த்து அந்தப் பல் டாக்டர் குடையோட இறங்கி வந்து, 'மேடம், மழையா இருக்கு, என்னைக் கொஞ்சம் இறக்கி விடறீங்களா'ன்னான். உன் அண்ணன் கடையை விட்டு வெளியில வந்தான் பாரு! யாரோ ஒருத்தருக்கு கண் டெஸ்ட் பண்ற அந்த இரும்புக் கண்ணாடியை மாட்டி உட்கார வச்சிருந்தான், அவரை அப்படியே விட்டுட்டு வந்துட்டான். 'போயிட்டு வாங்க டாக்டர்'னு சொல்லப்போறான்னுதான் நான் நினைச்சேன். ஒண்ணும் சொல்லல. நேரா போனான். சீட்டைப் பின்னால தள்ளினான். உட்கார்ந்துட்டான்!"

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"என்னத்தைச் சொல்வா? 'பெல்ட் போடுங்கள்'னா. அந்த ஆபீஸ் குரல்ல. நீ ஜன்னல்கிட்டப் போய் நில்லு, அந்தப் பக்கம்தான் வருவாங்க. வந்தா எனக்குச் சொல்லு, போனை வைக்காதே!"

நான் வைக்கவில்லை. என் கடை முதலாளியம்மாவும் வாடிக்கையாளர்களும் என்னோடு ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். எதிரே வரிசையில் நின்றவர்கள் சிவப்பு வண்டியைத் தூரத்தில் பார்த்ததுமே நிமிர்ந்தார்கள். ரோடு முழுக்கத் தண்ணீர். அண்ணி ரவுண்டானாவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தாள், வலமும் இடமும் பார்த்தாள், உள்ளே நுழைந்தாள். அன்று வால் ஆடிய அதே இடம் வந்தது. அண்ணனின் தலை சீட்டோடு ஒட்டியிருந்தது. கண்ணை இறுக்கி மூடியிருந்தான். டயருக்கடியிலிருந்து தண்ணீர் விசிறியாகப் பறந்தது. வண்டி கோடு போட்ட மாதிரி வளைந்து போனது.

"என்னடி ஆச்சு? என்ன ஆச்சு?" என்று அம்மா காதுக்குள் கத்தினாள்.

"ஒண்ணும் ஆகலைம்மா! ஒண்ணுமே ஆகலை!" என்று நானும் கத்தினேன். கடையில் எல்லாரும் கை தட்டினார்கள்.

வண்டி வெளியே போகும் வழிக்கு வந்தது. போகவில்லை. இன்னொரு சுற்று வந்தது. அண்ணனுக்கு ஒரு கண் திறந்திருந்தது. அடுத்த சுற்றில் இரண்டும். அதற்கடுத்த சுற்றில் அவன் ஏதோ சொல்ல, அண்ணி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அப்புறம் எத்தனை சுற்று என்று நான் எண்ணவில்லை. எங்கள் ஃபெயில் மேடம் ஒவ்வொரு சுற்றிலும் விதிப்படி கண்ணாடியைப் பார்த்து, வெளியே போகிறேன் என்று விளக்கும் போட்டாள். பக்கத்திலிருந்தவன் வேண்டாம் என்று தலையை ஆட்டியதும் அணைத்துவிட்டு மறுபடியும் சுற்றினாள். வரிசையில் நின்றவர்களுக்குப் பார்த்துப் பார்த்தே தலை சுற்றியிருக்கும்.

அன்று எனக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. பையை மாட்டிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தேன். மழை விடவில்லை. சிவப்பு வண்டி என்னைப் பார்த்துவிட்டு ஓரமாக வந்து நின்றது. எனக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை. இனி நடக்கப்போவது எனக்குத் தெரியும்: அண்ணன் இறங்குவான், 'நீ உட்காரு மாத்திரை' என்பான், தான் நனைந்துகொண்டே நடந்து வருவான். சின்ன வயசிலிருந்து அவனுக்கு வேறு மாதிரி நடந்துகொள்ளத் தெரியாது. எனக்கும் வேறு மாதிரி எதிர்பார்க்கத் தெரியாது. நான் கதவைத் திறக்கக் கையை நீட்டிவிட்டேன்.

கண்ணாடி இறங்கியது. அவன் மூக்குக்கண்ணாடியெல்லாம் ஆவி. கன்னம் சிவந்து, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவன் முகம் மாதிரி இருந்தது.

"இடமில்ல, மாத்திரை" என்றான்.

"என்னது?"

"இடமில்லன்னு சொன்னேன். நீ நடந்து வந்துடு."

"ஏங்க!" என்று அண்ணி பதறினாள். "மழை பெய்யுதுங்க! பாவம், அவ..."

"நீ ஓட்டு" என்றான் என் அண்ணன்.

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வராத கோபமா? வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் எனக்கோ அம்மாவுக்கோ 'முடியாது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. யாரிடமாவது அவன் சொல்லியிருக்க வேண்டியது, முதலில் என்னிடம்தான்.

"போங்க அண்ணி" என்றேன். "நான் மெதுவா வரேன். நீங்களும் மெதுவா வாங்க."

கண்ணாடி ஏறியது. வண்டி கிளம்பி, ரவுண்டானாவில் நுழைந்து, வீட்டுப் பக்கம் திரும்பாமல் வேறெங்கோ போகும் ரோட்டில் போனது. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழையில் இறங்கினேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், எதிரில் வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, நான் பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டே நடந்தேன்.